நம்பர் ஒன் பாட்டெல்லாம் மேடைக்கு ஆகாது: கைலி மினோக் கணக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளையில் தொடங்கி பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை, பள்ளி ஆண்டு விழாவோ கிளப் ஓணமோ சர்ச் பெருநாளோ, எந்த மேடையானாலும் வெஸ்டர்ன் டான்ஸ் ஐட்டம் ஒன்று இருந்தே தீரும். அதற்குப் பாட்டு தேடும் டான்ஸ் மாஸ்டர்களில் பலர் சார்ட் என்ற வாராந்தர ஹிட் வரிசையைத் திறந்து, முதலிடம் பிடித்த பாட்டை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக் விஷயத்தில் இந்த வழி காலை வாரிவிடும்.

1990 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த அவருடைய ‘டியர்ஸ் ஆன் மை பில்லோ’வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1958-இல் வந்த பழைய பாட்டை மறுபடி பாடியது அது, நகர்ந்து நகர்ந்து ஆடும் ரகம். பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதைப் போட்டால் இரண்டாவது நிமிடத்தில் கூட்டம் கடலை வாங்கப் போய்விடும். அதே வருடம் வந்த ‘பெட்டர் தி டெவில் யூ நோ’ இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் ஆட்டத்துக்கென்றே செய்த பாட்டு அது.

சார்ட் என்பது அந்த ஒரு வாரக் கணக்கு, அவ்வளவுதான். அன்றைய பிரிட்டனில் கடைகளில் எத்தனை சிங்கிள் (தனிப்பாட்டு ரெக்கார்ட்) விற்றது என்று மட்டும் பார்த்தார்கள். பாட்டை வாரக்கணக்கில் ரேடியோவில் ஓடவிட்டு, பிறகு ஒரு திங்கட்கிழமை கடைக்கு அனுப்புவார்கள். காத்திருந்த ரசிகர்கள் முதல் வாரத்திலேயே வாங்கிவிட, பாட்டு நேராக உச்சியில் போய் உட்காரும். அந்த வாரம் எதிரில் பெரிய பாட்டு எதுவும் இல்லையென்றால் குறைந்த விற்பனைக்கும் முதலிடம் கிடைக்கும். மேடைக்கு ஆகுமா ஆகாதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கைலியின் பாட்டுகளைப் பிரித்துப் பார்க்க, யார் தயாரித்தார்கள் என்று பார்ப்பதே நல்ல வழி. ஆஸ்திரேலியாவில் ‘நெய்பர்ஸ்’ தொடரில் நடித்துக்கொண்டிருந்தவர், 1987-இல் மஷ்ரூம் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளுக்காக (பாட்டு வெளியிடும் கம்பெனி) பாடிய ‘லோகோமோஷன்’ அங்கே 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்தது லண்டன். ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் என்ற மூன்று தயாரிப்பாளர்களின் அணி. கைலி வருவதை மறந்துவிட்டு, வெளியே காக்க வைத்து, சுமார் 40 நிமிடத்தில் எழுதிய பாட்டு ‘ஐ ஷுட் பி ஸோ லக்கி’ என்பார்கள். 1988-இல் அது பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். ‘லோகோமோஷ’னையும் இதே அணி புதிதாகப் பதிவு செய்தது. பிரிட்டனில் இரண்டாமிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம். ஆக இரண்டு பதிப்பு உண்டு. பிராக்டிஸில் ஒன்றையும் மேடையில் மற்றொன்றையும் போட்டால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். எந்த ஃபைலில் பழகினார்களோ அதையே பென்டிரைவில் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. ரயில் மாதிரி கோர்த்துக்கொண்டு போகும் ஸ்டெப் பாட்டு வரியிலேயே இருக்கிறது.

1990களில் டீகன்ஸ்ட்ரக்‌ஷன் லேபிளில் இருந்த காலம் கேட்பதற்கு அருமையானது. ‘கன்ஃபைட் இன் மீ’ பிரிட்டனில் இரண்டாமிடம் வரை போனது. ஆட்டத்துக்கு அங்கே தேட வேண்டாம்.

பிறகு பார்லஃபோன் லேபிள். அமெரிக்கப் பாடகி பாலா அப்துல் தன் சொந்த மறுவரவுக்காக மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய ‘ஸ்பின்னிங் அரவுண்ட்’ கைலியின் கைக்கு வந்து, 2000-இல் பத்து வருட இடைவெளிக்குப் பிறகு அவரைப் பிரிட்டனின் முதலிடத்தில் ஏற்றியது. அடுத்த வருடம் ‘கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்’. எழுதியவர்கள் கேத்தி டென்னிஸும் ராப் டேவிஸும். கிட்டார் தவிர மற்றதெல்லாம் கோர்க் ட்ரைட்டன் என்ற ஒரே கீபோர்டில் புரோகிராம் செய்யப்பட்டது. 2001 செப்டம்பரில் வெளிவந்து, பிரிட்டனில் முதல் வாரம் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் விற்றது. 4 வாரம் முதலிடம். அதே வாரம் மோதிய விக்டோரியா பெக்கமின் பாட்டு ஆறாமிடத்தில் நின்றது. அமெரிக்காவில் ரேடியோ ஒலிபரப்பும் கணக்கில் சேரும். அங்கே 7 வரை ஏறியது.

மேடைக்காரர்கள் இந்தப் பாட்டைக் கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டும். பல்லவி, சரணம் என்று பாத்தி கட்டிப் போகாது. ‘லா லா லா’தான் முதுகெலும்பு, அதைச் சுற்றியே எல்லாம் வளையவரும். இதில் ஒரு வசதி: நடுவில் வெட்டி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. ஒரு சிக்கலும் உண்டு: பாட்டு தானாக ஏறாது, ஏற்றத்தை ஃபார்மேஷன் மாற்றித்தான் காட்ட வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 126 தட்டு. ஒரு எட்டு கவுன்டுக்கு 3.8 விநாடி, 3 நிமிட ஐட்டத்துக்கு 47 எட்டு. வெட்டும்போது விநாடியைப் பார்த்து வெட்டாதீர்கள். கிக் டிரம் அடி விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 32 தட்டு முடிகிற இடத்தில் வெட்டுங்கள். அரைத் தட்டு விழுங்கிவிட்டால் முதல் வரிசை சமாளிக்கும், பின்வரிசை குலையும்.

இதோடு 2023-இல் வந்த ‘பதம் பதம்’ பாட்டைக் கோர்ப்பது சுலபம். அது 128. வித்தியாசம் 1.6 சதவீதம்தான், காதுக்கே தெரியாது. ‘ஐ ஷுட் பி ஸோ லக்கி’ 116 சுற்றில் இருக்கிறது. அதை 126-க்கு இழுத்தால் 8.6 சதவீதம். கீ-லாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடிக்கும் வசதி) போடாமல் இழுத்தால் சுருதி ஒன்றரை ஸ்வரத்தானம் அளவுக்கு ஏறி, குரல் கீச்சென்று ஆகும். கீ-லாக் போட்டாலும் குரல் நடுங்கும். அதை இழுக்காமல், தனி ஐட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரையும் பார்க்க வேண்டும். கோளாம்பி (கூம்பு ஸ்பீக்கர்) மட்டும் கட்டியிருக்கும் விழாவில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் பெரிதாக வராது. 2001 பாட்டைத் தூக்கி நிறுத்துவதே அந்த சின்த் பேஸ், அதாவது கீபோர்டில் செய்த கனத்த கீழ் ஒலி. அது போய்விட்டால் மிச்சம் ‘லா லா லா’ மட்டும். அங்கே 80களின் ஸ்டாக்-எய்ட்கன்-வாட்டர்மேன் பாட்டுகள்தான் ஜெயிக்கும். அவற்றின் மெட்டும் பளபளப்பும் நடு அலைவரிசையிலும் மேலேயும் இருக்கின்றன. கீழ் ஒலிக்கான சப் பாக்ஸ் இறக்கியிருந்தால் மட்டும் புதுப் பாட்டு.

2003-இல் ‘ஸ்லோ’வும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அதுவும் சிங்கிள் விற்பனை சரிந்து கிடந்த காலத்தில். பெயரே சொல்கிறது, கூட்டத்தை எழுப்பும் பாட்டு இல்லை. பிறகு டவுன்லோடு கணக்கில் சேர்ந்தது. 2014 ஜூலையிலிருந்து ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்தது. இன்று கட்டணச் சந்தாவில் 100 முறையும், விளம்பரத்தோடு இலவசமாக என்றால் 600 முறையும் கேட்டால் ஒரு விற்பனை. 30 விநாடி ஓடினால் ஒரு முறை. ‘பதம் பதம்’ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் அதற்குக் கிடைத்தது எட்டாமிடம். 2024 கிராமியில் புதிதாக வைத்த ‘பெஸ்ட் பாப் டான்ஸ் ரெக்கார்டிங்’ விருது அதற்குத்தான். 2004-இல் ‘கம் இன்டு மை வேர்ல்ட்’ பாட்டுக்கு ‘பெஸ்ட் டான்ஸ் ரெக்கார்டிங்’ வாங்கி இருபது வருடம் கழித்து. இதற்கிடையே ஆல்பங்கள் நன்றாக ஓடின. 2020-இல் ‘டிஸ்கோ’ முதலிடம் வந்தபோது, பிரிட்டனில் அடுத்தடுத்த ஐந்து பத்தாண்டுகளிலும் முதலிட ஆல்பம் கொடுத்த முதல் பெண் கலைஞர் ஆனார்.

சார்ட் பார்த்தே தீருவேன் என்றால், அமெரிக்க பில்போர்டின் டான்ஸ் கிளப் பட்டியலைப் பாருங்கள். கிளப் டிஜேக்கள் எதைப் போட்டார்கள், கூட்டம் எதற்கு ஆடியது என்று அனுப்பிய அறிக்கையை வைத்துத் தயாரித்தது. 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். 2010-இன் ‘அஃப்ரோடைட்டி’ ஆல்பத்தில் இருந்து ‘கெட் அவுட்டா மை வே’ பிரிட்டனில் 12, ‘பெட்டர் தேன் டுடே’ 32. இந்தப் பட்டியலில் இரண்டுமே முதலிடம். ‘கெட் அவுட்டா மை வே’யை எங்கள் பக்கத்தில் ஒரு மேடையிலும் யாரும் போடுவதில்லை. இதற்கு மேல் என்ன சொல்ல!

ஃபைல் விஷயம். யூடியூப் வீடியோவிலிருந்து இறக்காதீர்கள். வீடியோவின் எடிட் ஆல்பத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், உச்ச ஒலியும் மழுங்கியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய பாட்டை 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி, தலையில் 2 விநாடி மௌனம் விட்டு, ஐட்டம் எண்ணையும் குழுப் பெயரையும் ஃபைல் பெயரில் போட்டு இரண்டு பென்டிரைவில் கொடுங்கள். பல மிக்ஸர்கள் மற்ற வகை ஃபைல்களைப் படிக்காது. டிக்கெட் வைத்த நிகழ்ச்சியென்றால் பாட்டு உரிமைகளைப் பார்த்துக்கொள்ளும் பிபிஎல், ஐபிஆர்எஸ் அமைப்புகளின் அனுமதியை விழா நடத்துபவர்தான் வாங்க வேண்டும், டான்ஸ் மாஸ்டர் இல்லை. ஆட்டத்தைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைக் கோரல் வர வாய்ப்பு அதிகம். பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அதோடு விட்டுவிடுங்கள்.