வாளியின் அடியில்

"வெள்ளைச் சீலையே மஞ்சளாகிற தண்ணீர் மகன். இதிலே மண்ணைக் கழுவினால் என்ன ஆகும்?"

மாமி கேட்டது இவ்வளவுதான். நான் சிரித்திருக்கக் கூடாது.

மண்ணைக் கழுவி வெண்களி, அதாவது பீங்கான் செய்யும் வெள்ளைக் களிமண், எடுப்பது எங்கள் வேலை. மீட்டியாகொடையிலிருந்து வந்த அந்த லொறி மண்ணில் மஞ்சள் சற்று அதிகம். மணலும் அபிரகமும் அரிதட்டிலும் தொட்டியிலும் கழிந்தன. காந்தம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. வெண்களித் துகளோடு ஒட்டிக்கிடக்கும் துரு மட்டும் இதற்கெல்லாம் அசையாது. அதற்காகத்தான் சல்பூரிக் அமிலம் விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 3 வரை இறக்கி, சோடியம் டைதயோனைட்டு போடுகிறோம். கரையாத பெரிக் இரும்பு, கரையும் பெரஸ் இரும்பாகிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி வடிக்க வேண்டும்.

அன்று தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வரவில்லை. செங்கலடியில் எங்கள் வளவுக்குள் புதிதாக அடித்த குழாய்க்கிணறு இருந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் ஏறியது. பம்பிலிருந்து நேரே சோதனைக் குழாயில் பிடித்து, அமிலமும் தயோசயனேட்டும் இரண்டு துளி விட்டேன். இரும்பு இருந்தால் இரத்தச் சிவப்பாகும். ஆகவில்லை. குழாயை மாமியின் கண்ணுக்கு நேரே நீட்டி, "பாருங்கள் மாமி, இரும்பே இல்லை" என்றேன்.

"நீங்கள் படித்த பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தயோசயனேட்டு பெரிக் இரும்பைத்தான் காட்டும். நிலத்துக்கடியிலிருந்து அப்போதுதான் ஏறிய தண்ணீரில் இருப்பது பெரஸ். அதைப் பெரிக்காக்க முதலில் ஐதரசன் பேரொட்சைட்டு கொஞ்சம் விட்டிருக்க வேண்டும். ஒன்றை மற்றதாக மாற்றுவதற்கே சம்பளம் வாங்குகிறவன் இதை மறந்தேன். மறந்தேனா? பவுசருக்காக இன்னொரு நாள் காத்திருக்க மனமில்லாதவனுக்கு அந்த நிறமில்லாக் குழாய் போதுமாக இருந்தது என்றும் சொல்லலாம்.

அலசி முடித்து, வடித்து முடிப்பதற்குள் கறண்ட் போனது. பாதி வடிந்த களி வில்லை வில்லையாக இரவு முழுவதும் அப்படியே கிடந்தது. காலையில் வில்லைகளின் ஓரமெல்லாம் தேநீர் நிறம். காற்றுப்பட்டுக் கிடந்தால் எஞ்சிய இரும்பு திரும்பத் துருவாகும். எவ்வளவு சுத்தமான தண்ணீரில் அலசியிருந்தாலும் ஓரளவு மஞ்சள் வந்திருக்கும். இது சமாளிப்பல்ல, வேதியியல். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் மூலையில் மாமி முதல் நாள் பிடித்து வைத்த வாளி இருந்தது. மேலே எண்ணெய்போல் மினுங்கும் ஆடை. அடியில், தொட்டால் விரலில் ஒட்டும் செம்மஞ்சள் வண்டல். யாரும் வருவதற்கு முன் நானே அதைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அறிக்கையில் "மின்தடை" என்று எழுதினேன். பொய்யில்லை.

களி வாங்குகிறவர்களின் ஆள் வந்து கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் மாமியே சொன்னார்: "கறண்ட் நின்றுவிட்டது ஐயா, அதனால்தான்." என்னைக் காப்பாற்றினாரா, அந்தக் குழாயை உண்மையிலேயே நம்பிவிட்டாரா? நம்பியிருந்தால்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தரை கழுவ மட்டும் எடுக்கிறோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.