ஃப்ராக் ஸ்பிளாஷை 48 தாள்களில் வரைந்து பார்த்த அனுபவம்

தொழில்முறை மல்யுத்த வீரர் எட்டி குரேரோ 2005 நவம்பர் 13 அன்று மின்னியாபொலிஸ் நகரின் ஓட்டல் அறையில் இதய நோயால் இறந்தபோது அவருக்கு வயது 38. நினைவுநாள் வரும்போதெல்லாம் அவருடைய ரசிகர்கள் சில காட்சிகளுக்குத் தவறாமல் திரும்பிச் செல்கிறார்கள்: தரையோடு தாழ்த்தி அலங்கரித்த லோரைடர் காரில் ஏறி அரங்குக்குள் வரும் நுழைவு, நடுவர் திரும்புவதற்குள் நாற்காலியை எதிராளியின் கையில் எறிந்துவிட்டுத் தாமே அடிபட்டவர்போல் ரிங் தரையில் சாய்ந்துகொள்ளும் தந்திரம், ஆட்டத்தை முடிக்க ரிங்கின் மூலையில் ஏறி அவர் பாயும் அந்தப் பாய்ச்சல். நானும் அவற்றை ஆண்டுதோறும் பார்த்துவந்தேன். இம்முறை பார்ப்பதோடு நிற்காமல், ஃப்ராக் ஸ்பிளாஷ் (தவளைப் பாய்ச்சல்) எனப்படும் அந்தப் பாய்ச்சலைத் தாள் தாளாக வரைந்து, விரலால் புரட்டினால் அசையும் ஃப்ளிப் புத்தகம் ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். முடிக்க ஆறு வாரங்கள் ஆயின.

எந்தப் பாய்ச்சலை வரைவது என்பதில் எனக்கு அதிகக் குழப்பம் இருக்கவில்லை. 2004 பிப்ரவரி 15 அன்று நடந்த 'நோ வே அவுட்' நிகழ்ச்சியில், தம்மைவிட உருவத்தில் மிகப் பெரியவரான ப்ராக் லெஸ்னரை வீழ்த்தி எட்டி டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிறுவனத்தின் சாம்பியன் பட்டத்தை வென்றபோது, அந்த ஆட்டத்தை முடித்தது இந்தப் பாய்ச்சல்தான். 2001இல் போதைப் பழக்கத்தால் வேலையை இழந்து, குடும்பத்தையும் இழக்கும் நிலைக்கு வந்து, பிறகு மீண்டெழுந்த மனிதர் அவர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு நொடி வெறும் ஆட்ட முடிவாகத் தோன்றாது. அடுத்த மாதம் 'ரெஸில்மேனியா 20'இல் எதிராளி கர்ட் ஆங்கிள் எட்டியின் கணுக்காலைப் பிடித்து முறுக்குவார் என்று தெரிந்தே பூட்ஸின் கயிற்றைத் தளர்த்திவைத்து, பூட்ஸ் மட்டும் ஆங்கிளின் கையோடு போக, திகைத்து நின்றவரைச் சுருட்டி, தோள்கள் தரையில் படும்படி அழுத்திப் 'பின்' செய்ததும் எனக்கு அதே அளவு பிடித்த காட்சி. ஆனால் அதன் சுவை முகபாவத்தில் இருக்கிறது. கோட்டோவியத்தில் அதைக் கொண்டுவர என் கைக்கு இன்னும் தேர்ச்சி போதாது.

முதல் முயற்சி முழுவதும் வீணாயிற்று. மெல்லிய தாளில் வரைந்ததால் ஓரங்கள் சுருண்டு, புரட்டும்போது இரண்டு மூன்று தாள்கள் ஒட்டிக்கொண்டே விழுந்தன. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த அடையாளப் புள்ளிகள் இடாததால், அசையக் கூடாத ரிங் கம்பமே இங்கும் அங்கும் ஆடியது. இரண்டாம் முறை சற்றுத் தடித்த தாளை எடுத்து, ஒவ்வொரு தாளின் இடப்பக்க மூலைகளிலும் புள்ளி வைத்து, கண்ணாடிப் பலகையின் அடியில் விளக்கை வைத்து வரைந்தேன். ஒளிபரப்பில் ஒரு நொடிக்கு 30 சட்டகங்கள் இருக்கின்றன. நான் ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். என் கணக்கில் அவர் காற்றில் இருந்த நேரம் 12 தாள்களுக்குள் அடங்கிவிட்டது. மூலையில் ஏறி நிற்பதற்கு 20 தாள்களும், விழுந்து பின் செய்வதற்கு 16 தாள்களும் சேர்த்து மொத்தம் 48.

ஃப்ளிப் புத்தகத்தைக் கடைசித் தாளிலிருந்து முன்னோக்கி வரைவது வழக்கம். கீழே கிடக்கும் தாளின் கோடுகள் மேல் தாளில் ஊடுருவித் தெரிவதால் கைக்கு அது வசதி. இதைச் செய்முறை வசதியாக மட்டுமே நினைத்திருந்த நான், அதனாலேயே இந்தப் பாய்ச்சலை முதல் முறையாகப் பின்னாலிருந்து பார்க்கும்படி ஆயிற்று. இருபது ஆண்டுகளாக என் கண் எப்போதும் மூலையில் நிற்கும் எட்டியிலிருந்து தொடங்கி, அவரோடு உயர்ந்து, விழும் ஓசையில் நின்றுவிடும். இப்போது கீழே கிடக்கும் எதிராளியிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால், விழும் அந்த மூன்று தாள்களில் மட்டும் இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டேன். அவருடைய வயிறு எதிராளியின் மார்பில் மோதுவதாகத்தான் நான் இதுவரை நம்பியிருந்தேன். சட்டகங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், முழங்கால்களும் கைகளும் ரிங் தரையைத் தொட்டு எடையின் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்வதும், உடல் அதன் பிறகே எதிராளியின்மேல் படிவதும் தெரிகின்றன. விழுந்ததும் அவர் தம் விலாவைப் பிடித்துக்கொண்டு துடிப்பதைப் பல ஆட்டங்களில் பார்த்திருக்கிறேன். அது முழுவதும் நடிப்பு என்று இனி என்னால் சொல்ல முடியாது. எதிராளியைக் காப்பாற்றுவதற்காகத் தம் முழங்கால்களை அவர் ஒவ்வோர் இரவும் செலவழித்திருக்கிறார் என்று அந்தத் தாள்களை வரைந்து முடித்தபோது எனக்குத் தோன்றியது. அன்று வேறு எதையும் வரைய மனம் வரவில்லை.

காற்றில் இருக்கும் 12 தாள்களில் நேர்ந்த சிக்கல் வேறு வகையானது. உடலைச் சீரான இடைவெளிகளில் கீழிறக்கி வரைந்தேன். புரட்டிப் பார்த்தால் மனிதர் கொடியில் உலர்த்திய துணிபோல் மிதந்தார். பாய்ச்சலின் உச்சியில் தாளுக்குத் தாள் நகர்வு மிகக் குறைவாகவும், கீழே வர வர அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பதை உணர்ந்து ஆறு தாள்களை மீண்டும் வரைந்தேன். முழங்கால்களை வயிற்றருகே இழுத்துக் கைகளையும் உள்ளே மடக்கி, உடனே முழு உடலையும் விரிக்கும் அந்தத் தவளை அசைவு நான் நினைத்ததைவிட மிகவும் விரைவானது. மடங்குவதற்கு நான்கு தாள்கள் ஒதுக்கியிருந்தேன். இரண்டாகக் குறைத்த பிறகுதான் அது எட்டியின் பாய்ச்சலாகத் தெரிந்தது.

பணி முடிந்ததும், மல்யுத்தம் பார்க்கும் நண்பர் ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் புத்தகத்தைக் கொடுத்தேன். முகம் வரையப்படவில்லை, நிறமும் இல்லை. பத்தாவது தாளைத் தாண்டும்போதே, "எட்டிதானே!" என்றார். காரணம் பாய்ச்சல் அல்ல. பாய்வதற்கு முன் மூலையில் நின்று அவர் தோள்களைக் குலுக்கும் அந்தச் சில தாள்கள்தான். அவற்றை எடுத்துவிட்டு வேறொரு நண்பரிடம் கொடுத்தபோது, அவர் ராப் வான் டாம் என்றார். அதே பாய்ச்சலால் புகழ்பெற்ற மற்றொரு வீரர் என்பதால் அதில் பிழையும் இல்லை.

உண்மையில் அந்தப் பாய்ச்சலே எட்டிக்கு ஒருவரின் நினைவாக வந்தது. 1994 நவம்பர் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த 'வென் வேர்ல்ட்ஸ் கொலைட்' நிகழ்ச்சியில் எட்டியும் அவருடைய ஜோடி வீரர் ஆர்ட் பாரும், எல் ஹிஹோ டெல் சாண்டோ, ஆக்டகான் இருவரின் முகமூடிகளுக்கு எதிராகத் தங்கள் தலைமுடியைப் பணயம் வைத்து ஆடித் தோற்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் பார் இறந்துபோனார். அதன் பிறகே, பாரின் பாய்ச்சலாக இருந்ததை எட்டி அவர் நினைவாகத் தமதாக்கிக்கொண்டார். எட்டி மறைந்த பின் அவருடைய அண்ணன் மகன் சாவோ குரேரோ அதை எடுத்துக்கொண்டார். எட்டியைப் பார்த்து வளர்ந்த சாஷா பேங்க்ஸ், இடைவிடாமல் மூன்று முறை தூக்கிச் சாய்க்கும் 'த்ரீ அமிகோஸ்' உட்பட அவருடைய அசைவுகளைத் தம் ஆட்டத்தில் சேர்த்தார். 2005 'சம்மர்ஸ்லாம்' நிகழ்ச்சியில் எட்டியும் ரே மிஸ்டீரியோவும் யாரை வளர்க்கும் உரிமைக்காக ஏணியில் ஏறி மேலே தொங்குவதை எடுப்பவர் வெல்லும் ஏணி ஆட்டம் ஆடுவதாகக் கதை அமைக்கப்பட்டதோ, அந்தச் சிறுவன் டொமினிக் இன்று அதே மூலையிலிருந்து பாய்ந்து ஆட்டங்களை முடிக்கிறார். அவர் ஏறும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எட்டிதான். இவர்களில் எவரைப் பற்றிப் பேசினாலும் ஆர்ட் பாரின் பெயர் எழுவது அரிதாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதனால், முடிந்துவிட்டதாக நினைத்த புத்தகத்தைப் பிரித்துவிட்டேன். ஒரு பக்கமாகப் புரட்டினால் எட்டியும், திருப்பிப் பிடித்து மறுபக்கமாகப் புரட்டினால் பாரும் பாயும்படி, அதே தாள்களின் பின்புறத்தில் இப்போது வரைந்துவருகிறேன். முன்பக்க மை ஊடுருவித் தெரிவதால், விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு பென்சிலில் மட்டும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பாரின் பழைய பதிவுகள் மங்கலானவை. கால் எங்கே முடிந்து கயிறு எங்கே தொடங்குகிறது என்பதே சில சட்டகங்களில் புரியவில்லை. இதுவரை 19 தாள்கள் முடிந்திருக்கின்றன. இம்முறையும் கடைசித் தாளிலிருந்தே தொடங்கியதால் அவர் கீழே விழுந்துவிட்டார்; இனிமேல்தான் அவரை மேலே கொண்டுபோக வேண்டும்.