அலுமாரிக்கு மேலே இருந்த பிஸ்டல்

என் கணவர் பொலிஸில் உப பரிசோதகர். இரண்டு வருடமாக ஓர் அரசியல்வாதியின் பாதுகாப்புக் கடமையில் இருக்கிறார். சாதாரணமாக ஸ்டேசனில் வேலை செய்கிறவர்கள் கடமை முடிந்ததும் ஆயுதத்தை ரிசேர்வில், அதாவது ஸ்டேசனில் ஆயுதங்களைப் பொறுப்பெடுக்கிற இடத்தில் கொடுத்து, புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார்கள். இவருக்கு அப்படி இல்லை, கொடுத்த பிஸ்டல் இவரோடுதான் இருக்கும். மாதத்தில் இரண்டு தடவை கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறி விடியக்காலை மட்டக்களப்பு கல்லடிக்கு வந்து இறங்குவார், பிஸ்டலும் அவரோடு வந்து இறங்கும். அதை ஒரு கறுப்புப் பையில் போட்டு அலுமாரிக்கு மேலே, பழைய பயணப் பெட்டிக்குப் பின்னால் வைப்பார். நானும் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. உயரத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு எட்டாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. போன வருடம் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. இவர் விடிய வந்து களைப்பில் விறாந்தையில் பாய் போட்டுத் தூங்கிவிட்டார், நான் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தமில்லாமைதான் காலைத் தூக்கி ஓட வைக்கும்.

மகன் கட்டிலில் சப்பாணி போட்டு உட்கார்ந்திருந்தான். பிஸ்டல் அவன் மடியில். ஒரு விரலால் ட்ரிகரை இழுக்கப் பலம் போதாது என்பதால் பிஸ்டலைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு பெருவிரலையும் ட்ரிகருக்குள் விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். குழாய் அவன் நெஞ்சைப் பார்த்தபடி இருந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு விரலை அமத்திவிடுவான் என்று அந்த நேரத்தில் எனக்கு எப்படி விளங்கியதோ தெரியாது. "மகன், அத மெத்தையில வெச்சிட்டு அம்மாட்ட வாங்க, புட்டு அவிஞ்சிட்டு" என்றேன். வைத்தான். வந்தான். வந்து சொன்னது இதுதான்: "மாமாங்கத்துல வாங்கின துவக்குப் போலதான்ம்மா, ஆனா இது பாரம்." மாமாங்கம் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாக் கடையில் நாங்கள்தான் அவனுக்கு அந்தப் பிளாஸ்டிக் துவக்கை வாங்கிக் கொடுத்தோம்.

இவரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். முதலில் இவர் சொன்னது, "பயப்படாத, சேம்பருக்குள்ள ரவை இல்ல, சேஃப்டியும் போட்டிருக்கு." சொல்லிக்கொண்டே, ரவைகள் (தோட்டாக்கள்) அடுக்கியிருக்கிற மெகசினைக் கழற்றி, பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தார். ரவை ஒன்று துள்ளி வந்து சீமெந்து நிலத்தில் விழுந்து உருண்டு கட்டிலுக்குக் கீழே போனது. முதல் நாள் ஒரு கூட்டத்துக்காக ஏற்றியதாம், இறக்க மறந்துவிட்டார். மெகசினைக் கழற்றினாலும், சேம்பருக்குள், அதாவது சுடுவதற்குத் தயாராகக் குழாயின் பின்முனைக்குள் போன ரவை அங்கேயேதான் இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருக்கு அது பதினொரு வருடமாகத் தெரியும். கட்டிலுக்குக் கீழே கையை விட்டு அந்த ரவையைத் தேடி எடுத்தவர் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. மத்தியானம் அவர் ஒரு கேள்வி கேட்டார், "நீ அவன அங்க ஏற விடாம பாத்திருக்கலாம்தானே?" நான் சொன்னேன், உங்கள் பெயரில் கையெழுத்து வைத்து வாங்கிய ஆயுதம், ஸ்டேசனுக்குள் ஒரு ரவை குறைந்தாலும் நீங்கள்தானே பதில் சொல்ல வேண்டும், வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்தப் பொறுப்பு எப்படி என்னுடையதாகவும் ஐந்து வயதுப் பிள்ளையுடையதாகவும் மாறுகிறது என்று. அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் பிறகு ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இனி நாங்கள் செய்தவை. ஏழு மாதத்துக்கு மேல் எடுத்தது.

அன்று பின்னேரமே பக்கத்து ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார், லீவு முடியும்வரை வைத்திருக்கச் சொல்லி. எடுக்கவில்லை. தங்கள் பதிவில் இல்லாத ஆயுதம், வேறு பிரிவு கொடுத்தது, கடிதம் இல்லாமல் பொறுப்பேற்க முடியாது என்றார்கள். அவர்கள் பக்கத்தில் அது சரிதான், நாளைக்கு ஒரு ரவை கணக்கில் குறைந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் அன்றிரவு பிஸ்டல் திரும்பவும் என் வீட்டுக்குத்தான் வந்தது. அதை இடுப்போடு கட்டிக்கொண்டு இவர் கதிரையில் இருந்தபடியே விடியும்வரை விழித்திருந்தார். நானும் தூங்கவில்லை.

கடிதம் எழுதுவதற்குத்தான் இவருக்கு மனம் வரவில்லை. காரணம் கேட்பார்கள், காரணத்தைச் சொன்னால் விசாரணை வரும், பதவி உயர்வு போகும் என்ற பயம். இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை, எங்கள் வீட்டில் ஒரு சம்பளம்தான். மூன்று கிழமை யோசித்தார். கடைசியில், சிறு பிள்ளைகள் உள்ள வீடு, லீவு நாட்களில் ஆயுதத்தை மட்டக்களப்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க அனுமதி வேண்டும் என்று மட்டும் எழுதினார். பதில் இல்லை. மீண்டும் எழுதினார். இரண்டாவது கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தபோது மேலதிகாரி வாசித்துவிட்டு, தனக்கும் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று சொன்னாராம். அனுமதி கையில் வர ஜூன் ஆகிவிட்டது. இப்போது பஸ்ஸால் இறங்கினதும் முதலில் ஸ்டேசன்தான். பிஸ்டலின் இலக்கம், மெகசின் எத்தனை, ரவை எத்தனை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள். ரிசேர்வில் இருக்கிறவர் சாப்பிடப் போயிருந்தால் அரை மணித்தியாலமும் காத்திருக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்வது? டவுனில் ஒரு கடையில் பணப்பெட்டி வாங்கினோம், பூட்டு உள்ளது. கொண்டுவந்து வைத்த அன்றே மகன் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். பெட்டியையே தூக்க முடியும் என்றால் பூட்டால் என்ன பயன். பிறகு ஒட்டுவேலைக் கடையில் சொல்லித் தடித்த இரும்புத் தகட்டில் ஒன்று செய்வித்தோம், பிணைச்சல் உள்பக்கம், இரண்டு தட்டு, இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. பிஸ்டல் ஒன்றில், மெகசினும் ரவையும் மற்றதில். சுவரில் பூட்டும்போது இன்னொரு பிரச்சினை வந்தது. எங்கள் வீடு சீமெந்துக் கல் வைத்துக் கட்டியது, கல்லின் நடுவில் பொள்ளல், போல்ட் அடித்தால் பொலபொலவென்று கொட்டுகிறது. மேசன் வந்து பார்த்துவிட்டுக் கொங்கிறீட் தூணில் துளைத்து அடித்துத் தந்தார்.

வெளிப்பூட்டுக்கு நாலு இலக்க நம்பர் பூட்டுப் போட்டார். மகள் இரண்டாம் நாளே திறந்துவிட்டாள், அவளுடைய பிறந்த நாளைத்தான் இலக்கமாக வைத்திருந்தார். நல்ல வேளை, வெறும் பெட்டி. நம்பர் பூட்டைக் கழற்றித் திறப்புப் பூட்டாக மாற்றினோம். திறப்பு அவரிடம் மட்டும்தான். எனக்கும் ஒன்று தர வந்தார், நான் வேண்டாம் என்றேன். அவர் போகும்போது பிஸ்டலும் போகிறது, பிறகு எனக்கு எதற்குத் திறப்பு? என்னிடம் இருந்தால் அது சாமித்தட்டிலோ லாச்சியிலோதான் கிடக்கும், பிள்ளைகளுக்கு நம் வீட்டு லாச்சி நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பிறகு ரவை இறக்குவது. பின்வளவில் ஒரு வாளி நிறைய மணல் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் கால் வைக்கமுதல் அங்கே போவார். குழாயை மணலைப் பார்த்துப் பிடித்து, முதலில் மெகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, இருட்டாக இருந்தால் விரலை விட்டும் தடவிப் பார்ப்பார். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. மெகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் அடுத்த ரவை தானாகச் சேம்பருக்குள் ஏறிவிடும். ரவைகளை எண்ணிச் சொல்வார், நான் ஒரு கொப்பியில் எழுதுவேன். முதல் மாதம் இதைச் செய்ய அவருக்குக் கூச்சமாக இருந்தது, பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள் என்று. இப்போது ஸ்டேசனில் கொடுக்க முடியாத நாட்களில் மட்டும்தான் இது தேவைப்படுகிறது, ஆனாலும் வாளியை எடுக்க நான் விடவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதாதா என்று என் அக்கா கேட்டா. சொல்லிக் கொடுத்தோம்தான்: தொடாதே, அந்த இடத்தை விட்டுப் போ, பெரியவர்களிடம் சொல். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பதற்கு நான் தேடி வாசித்த இரண்டு அமெரிக்க ஆய்வுகளைச் சொல்கிறேன். 2001இல் வெளியான ஒன்றில் 8 முதல் 12 வயதுக்குட்பட்ட 64 ஆண் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக ஓர் அறைக்குள் விட்டார்கள். அங்கே ஒரு லாச்சிக்குள் சுட முடியாதபடி செய்த உண்மையான பிஸ்டல் ஒன்று. 29 குழுக்களில் 21 குழு அதைக் கண்டுபிடித்தது, 16 குழுவில் கையில் எடுத்தார்கள், 10 குழுவில் ஒரு பிள்ளையாவது ட்ரிகரை இழுத்தது. அப்படிக் கையில் எடுத்த பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குத் துப்பாக்கி பற்றி ஏற்கெனவே யாரோ புத்தி சொல்லியிருந்தார்கள். கண்டெடுத்தவர்களில் பாதிப் பேர் அளவில் அது பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிச்சயமாகத் தெரியாமல் இருந்தார்கள். என் மகன் சொன்னதும் அதுதானே. மற்றது 1995இல் வந்தது, பிள்ளைகளின் விரல் பலத்தை அளந்த ஆய்வு: 3, 4 வயதில் நாலில் ஒரு பிள்ளைக்கும், 5, 6 வயதில் 70 சதவீதத்துக்கும், 7, 8 வயதில் 90 சதவீதத்துக்கும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைச் சுடுகிற பலம் இருக்கிறது. இந்த இரண்டையும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து வயதுக்கான கணக்கைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் என் அப்பாவின் வீடு. அங்கே ஒரு பன்னிரண்டு போர் துவக்கு இருக்கிறது, வயலுக்கு யானை வருவதால் உரிமம் எடுத்து வைத்திருப்பது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் உரிமம் அது, ஒவ்வொரு டிசம்பர் 31உடனும் முடியும். அப்பா ஒரு வருடமும் புதுப்பிக்கத் தவறியதில்லை. ஆனால் துவக்கு நிற்பது நெல் மூட்டைக்குப் பின்னால், தோட்டா லாச்சிக்குள். லீவுக்கு என் பிள்ளைகள் ஓடி விளையாடுவது அந்த மூட்டைகளுக்கு மேலேதான். அப்பாவிடம் இதைப் பேசுவது கணவரிடம் பேசியதைவிடக் கஷ்டமாக இருந்தது. "நீயும் இந்த வீட்டுலதான் வளந்த நீ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். அம்மாதான் இடையில் நின்று பேசி முடித்தா. இப்போது நாங்கள் போகமுதல் கோல் எடுப்போம், அப்பா துவக்கை மடித்துத் திறந்து, சைக்கிளுக்குப் போடுகிற வயர்ப் பூட்டைக் குழாய்க்குள்ளால் விட்டுப் பூட்டிவிடுவார். அப்படிப் பூட்டினால் தோட்டாவும் போட முடியாது, துவக்கை மூடவும் முடியாது. தோட்டாக்கள் அம்மாவின் றங்குப்பெட்டிக்குள், திறப்பு அம்மாவின் இடுப்பில். இரவில் யானை வந்தால் சுணங்குமே என்று அப்பா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய கவலையும் பொய் இல்லை, அதனால் வெள்ளாமைக் காலத்தில் துவக்கு அவரோடு வயல் காவல் குடிசையான வாடியிலேயே இருக்கும், பிள்ளைகளை நாங்கள் வாடிப் பக்கம் கூட்டிப்போவதில்லை.

இன்னொன்றும் செய்கிறேன். மகளுடைய சிநேகிதி ஒருத்தியின் அப்பாவும் பொலிஸ். அவள் வீட்டுக்கு விளையாட அனுப்பமுதல் அந்தத் தாயிடம் நேராகவே கேட்டேன், வீட்டில் ஆயுதம் இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. முகம் மாறியது, இரண்டு கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவவே கோல் எடுத்து அந்த இரும்புப் பெட்டி எந்தக் கடையில் செய்தீர்கள் என்று கேட்டா. கடையையும் மேசனையும் சொல்லிவிட்டு, கல்லுச் சுவரில் அடிக்க வேண்டாம், தூணைப் பார்த்து அடியுங்கள் என்றும் சொன்னேன்.

எங்கள் பெட்டியில் இப்போது ஒரு குறை. கல்லடியில் கடல் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை, உள் தட்டின் பூட்டு துருப்பிடித்துப் போன மாதத்திலிருந்து திறப்பு இறுகுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை. அடுத்த லீவுக்கு வரும்போது பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைப் போட்டு முடிக்கும்வரை, ரிசேர்வில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வந்தாலும், பிஸ்டலை ஸ்டேசனில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.