சவுக்குப் பலகையில் ஒரு கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி

முதல் பெட்டி மூன்றாவது வாரத்தில் வாயைத் திறந்தது. மேல்பலகையும் இடப்பக்கப் பலகையும் சேரும் மூலையில் முதலில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி. அடுத்த வாரம் அதே இடத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி நுழைந்தது. கிட்டாரின் ஐந்தாம் தந்தியைத் திறந்தபடி மீட்டினால், உள்ளே வண்டு ஒன்று மாட்டிக்கொண்டதுபோல் இரைந்தது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று பயந்து கழற்றிப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. இரைந்தது மரம்தான்.

ஸ்பீக்கர் கெட்டிருந்தால் அழுதிருப்பேன். பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் விண்டேஜ் 30, 60 வாட், எட்டு ஓம். கொழும்பில் மேடைகளில் வாசிக்கும் ஒருவர் பாவித்துவிட்டு விற்றது. ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான அதை மடியில் வைத்துக்கொண்டு மலைநாட்டு ஹட்டன் வரை ரயிலில் வந்தேன். நாவலப்பிட்டிக்குப் பிறகு கால்கள் மரத்துப்போயின. வீட்டில் இருந்த சிறிய அம்ப்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) எட்டு அங்குல ஸ்பீக்கர்தான்; அதிலிருந்து ஒரு வயரை இழுத்து இந்தப் பெரியதைப் பேசவைக்க வேண்டும், அதற்கு ஒரு பெட்டி வேண்டும். திட்டம் இவ்வளவுதான்.

மரக்காலைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் படித்திருந்தேன். 1950களின் ஃபெண்டர் அம்ப்களுக்குத் திடமான பைனஸ் பலகை, ஸ்பீக்கரைத் தாங்கும் முகப்புக்கு மட்டும் மெல்லிய பிளைவூட். மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் கொண்ட பெட்டிகளுக்கு பேர்ச் மரப் பிளைவூட். பைனஸ் பெட்டியையும் கொஞ்சம் பாடவிடுகிறது, பேர்ச் அதை வாயை மூடச் சொல்கிறது. பேர்ச் இங்கே எங்களுக்கு எட்டாது. மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஆனால் தகரக் கூரையில் ஒரு சொட்டு ஒழுகினாலும் ஓரங்கள் பாணைத் தேநீரில் நனைத்ததுபோல் ஊதிவிடும். அல்பீசியா மரம் பஞ்சு போன்றது, திருகாணி பிடிக்காது. பலாமரம் பொன்போல இருக்கும். ஆனால் அதை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டப்படி அனுமதி வேண்டும், கடையில் வரும் பலகையின் விலையும் அதற்கேற்றபடிதான். மஹோகனி விலையைக் கேட்டுவிட்டுத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மிஞ்சியது சவுக்கு. நான் சொல்வது கடற்கரைச் சவுக்கு அல்ல. கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து தேயிலைக்கு நிழலாக நட்டார்களே, அந்த கிரெவில்லியா. எங்கள் மலைகளில் அதைக் காணாமல் ஒரு வளைவைக்கூடக் கடக்க முடியாது. அறுத்த பலகையில் மீன் செதில்போல் மினுமினுக்கும் புள்ளிகள் ஓடும், ஓக் மரத்தில் இருப்பதைப் போல. பார்த்ததும் ஆசைப்பட்டுவிட்டேன். வாங்கியது மே மாதக் கடைசியில், தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நேரத்தில். அறுத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்கவில்லை. சீவுளி போட்ட அன்று முழங்கை வரை தோல் தடித்துச் சிவந்தது; இந்த மரத்தூள் சிலருக்கு ஒவ்வாது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு நீளக்கை சட்டையும் முகமூடியும் இல்லாமல் அதைத் தொட்டதில்லை.

பிளந்த பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அப்பா வந்தார். முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், பெரும்பாலும் உலர்த்தும் பகுதியில், வேலை செய்தவர். பலகையின் உட்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“ஈரம் பார்த்தாயா தம்பி?”

“பார்க்கவில்லை அப்பா. தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருந்தது.”

“வாடாத கொழுந்தை யாராவது அரைப்பார்களா?” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு கேள்வியில்தான் இந்த வேலை திசைமாறியது. நூறு கிலோ கொழுந்து உள்ளே போனால் இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தூள்தான் வெளியே வரும். கடைசியில் அதில் மூன்று வீதம் அளவுக்கு ஈரம் நிற்கும். தொழிற்சாலைக்காரர்கள் கண்ணையும் மூக்கையும் நம்புவார்கள், ஆனால் தராசையும் விடமாட்டார்கள். எனக்கு மட்டும் எதற்கு ஊகம்?

மீந்த பலகையிலிருந்து ஒரே எடையில் இரண்டு துண்டுகள் வெட்டினேன், ஒவ்வொன்றும் 148 கிராம். ஒன்றைச் சித்தியின் கேக் சுடும் மின்னடுப்பில் 105 பாகையில் வைத்து, இனி எடை குறையாது என்று தெரியும்வரை திரும்பத் திரும்ப நிறுத்தேன். (அடுத்த கேக்கில் மரவாசம் அடித்ததாகச் சித்தி இன்றும் சொல்கிறார்.) 118 கிராமில் நின்றது. போன 30 கிராமும் தண்ணீர். அதை 118ஆல் வகுத்தால் ஈரம் ஏறத்தாழ 25 வீதம். என் முதல் பெட்டியை நான் ஈரத்துணியால் தைத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

எவ்வளவு காயவைப்பது என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டுக் குறிப்புகள் எட்டு வீதம் என்று சொல்லும். அது ஹீட்டர் ஓடும் வீடுகளுக்கான கணக்கு. காற்றின் ஈரப்பதம் எண்பது வீதத்தில் நிற்கும் எங்கள் மலையில் மரம் தானாகவே 16 வீதத்துக்கு வந்து நின்றுவிடும். அதைவிடக் காயவைத்தால் மறுபடியும் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். ஆகவே இரண்டாவது துண்டு 137 கிராமுக்கு இறங்க வேண்டும். புதிதாக வாங்கிய பலகைகளை இடையிடையே குச்சிகள் வைத்து விறகடுப்புக்கு மேலுள்ள பரணில் அடுக்கினேன். அந்தத் துண்டையும் பக்கத்தில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டேன். இரண்டாவது தொகுதியும் கிட்டத்தட்ட அதே ஈரத்தில்தான் இருந்தது, அதையும் நிறுத்துப் பார்த்த பிறகே அடுக்கினேன்.

ஜூலையில் 145. ஆகஸ்டில் 144. மழை விட்டால்தானே!

காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க முடியவில்லை. இயந்திரம் இறக்கிய ஒரு கடையின் பின்புறம் கிடந்த மரப் பலெட்டுகளைக் கேட்டு வாங்கினேன். அதில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும்: ‘எச்.டி.’ என்றால் சூடாக்கிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைட் புகையடித்தது, அதைத் தொடக்கூடாது. எனக்குக் கிடைத்தவை ‘எச்.டி.’ பைனஸ். நான்கு அங்குலப் பட்டிகளைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, பத்தரை அங்குல அகலப் பலகைகள் ஆக்கினேன். ஆணி ஓட்டைகளை மறைக்கப் பிசின் கலந்த மரத்தூள். அளவு: இருபது அங்குல அகலம், பதினெட்டு உயரம், பத்தரை ஆழம். மூலைகளை இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல் வெட்டிப் பொருத்தியவர் எங்கள் ஊர்த் தச்சு பாஸ் அண்ணன். நான் வெட்டிய மாதிரி மூலையைப் பார்த்துவிட்டு, “இதை நீங்கள் கிட்டார் வாசிக்கும் கையாலா வெட்டினீர்கள்?” என்று கேட்டார். அதன் பிறகு அளப்பது மட்டும் என் வேலை.

அவர் சொல்லித்தந்த ஒன்றை எழுதிவைக்க வேண்டும். நான்கு பலகைகளிலும் நார் பெட்டியைச் சுற்றியே ஓட வேண்டும். மரம் நாரின் குறுக்கேதான் பருத்துச் சுருங்கும். அப்படி அமைத்தால் பெட்டி முன்னும் பின்னும் மட்டும் மூச்சு விடும், மூலைகள் ஒன்றையொன்று இழுக்காது. முகப்பைத் தாங்கும் சட்டங்களும் அதே திசையில் ஒட்டவேண்டும். என் முதல் பெட்டியில் ஒரு பக்கப் பலகையை அழகுக்காகத் திருப்பிப் போட்டிருந்தேன். ஈரத்தோடு அதுவும் சேர்ந்தே மூலையைப் பிளந்திருக்கிறது.

செப்டம்பரில் அதே அளவில் 18 மில்லிமீட்டர் பிளைவூட்டில் இன்னொன்றும் செய்துவிட்டு, ஒப்பிட உட்கார்ந்தேன். ஸ்பீக்கரை மாற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் காது முன்பு கேட்டதை மறந்துவிடும். ஆகவே ஒரே வாசிப்பை லூப்பர் பெடலில் (பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) பதிந்து ஓடவிட்டு, தொலைபேசியை ஒரு மீட்டர் தூரத்தில் ஒரே இடத்தில் வைத்துப் பதிவு செய்தேன். கூரையில் மழை விழாத இடைவெளிகளில் மட்டுமே இது சாத்தியம். இரண்டு வார இறுதிகள் போயின.

பைனஸ் பெட்டிக்கும் பிளைவூட் பெட்டிக்கும் இடையில் வித்தியாசம் இருந்தது. பைனஸ் கீழ்ச்சுரங்களில் கொஞ்சம் இளகியது. ஆனால் தங்கையிடம் பெயர் சொல்லாமல் போட்டுக்காட்டியபோது பத்தில் ஆறு முறைதான் சரியாகச் சொன்னாள். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும். முகப்புப் பலகையை மாற்றியபோது கதை வேறு. 18 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 9 மில்லிமீட்டரை, மேலும் கீழும் மட்டும் திருகி வைத்ததும், தாழ்ந்த தந்திகள் உருண்டு திரண்டு வந்தன, ஒலியின் கூர்மை மழுங்கியது. இதை அவள் பத்துக்குப் பத்து சொன்னாள். பின்பக்கத்தை மூடியதும் அதைவிடப் பெரிய மாற்றம். திறந்திருந்தால் ஸ்பீக்கரின் பின்னலை சுற்றி வந்து முன்னலையின் கீழ்ச்சுரங்களைத் தின்றுவிடும். மூடினால் அவை முழுதாக நெஞ்சில் இடிக்கும். பெட்டியைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்தியது, இரண்டு மரங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைவிட அதிகம் கேட்டது. இதற்காகவா நான் முழங்கை தடிக்கச் சவுக்கை இழைத்தேன்?

முகப்புக்கு 12 மில்லிமீட்டரில் நின்றேன், நான்கு பக்கமும் திருகி, 283 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி. பின்பக்கம் பாதி திறப்பு. அந்தப் பாதியை மூடக் கிடைத்தது பழைய தேயிலைப் பெட்டியின் பிளைவூட். காகிதச் சாக்குப் பைகள் வருவதற்கு முந்திய காலத்துப் பெட்டி. அப்பா அதில் மண்வெட்டிக் கம்புகளைப் போட்டு வைத்திருந்தார். அச்சில் அடித்த ‘பி.ஓ.பி.’ என்ற தேயிலைத் தரக் குறி இன்னும் அழியவில்லை. ஆனால் மெல்லியது, தட்டினால் தப்பு மேளம்போல் பேசியது. குறுக்கே ஒரு சட்டம் ஒட்டியபிறகே அடங்கியது.

ஜனவரிக் கடைசியில், வெயில் தொடர்ந்து இரண்டு வாரம் அடித்த பிறகு, பரணில் தொங்கிய துண்டு 137ஐத் தொட்டது. பாஸ் அண்ணனிடம் ஓடினேன். சவுக்குப் பெட்டி பிப்ரவரியில் முடிந்தது. ரெக்சின் சுற்றவில்லை, அந்தச் செதில் மினுமினுப்பை மறைக்க மனமில்லை, மெழுகுதான் தேய்த்தேன். பைனஸைவிட ஒரு கிலோவுக்கு மேல் கனம். ஒலியில் அதைவிட நல்லது என்று சொல்லமாட்டேன். கண்ணுக்காக வைத்திருக்கிறேன்.

துண்டு இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஜூன் மழையில் நிறுத்தபோது 139. ஆழத்தை அளந்தேன், ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தது. மூலைகளில் தாள் நுழையவில்லை. அப்பா பின்பக்கம் போய் ‘பி.ஓ.பி.’ எழுத்தைப் பார்த்துவிட்டு, அது எந்த வருடத்துச் சரக்காக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றார்.