அப்பத்தா பார்த்த சிங்கக்கால்

நவம்பர் 9, மண்டபம்

விடியற்காலையிலிருந்து மழை. தகரப்பெட்டியில் ஈரம் ஏறியிருக்கும், திறந்து பார் என்றது அப்பத்தா. இலங்கையின் மாத்தளைத் தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி வந்தபோது கையோடு கொண்டுவந்த பெட்டி அது. சேலைகளுக்கு அடியில் ஒரு போட்டோ இருந்தது. சிகிரியா, இலங்கையின் பாறைக்கோட்டை! செங்கல்லும் சுதையுமாய்ச் சிங்கத்தின் ஒரு பாதம். அதன் பக்கத்தில் தாத்தா சின்னப்பிள்ளை மாதிரி நிற்கிறார். இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஏறித்தான் உச்சிக்குப் போகவேண்டும். தலையும் உடம்பும் எப்போதோ இடிந்துபோய்விட்டன. மண் மூடிக் கிடந்த பாதங்களை 1898இல் வெளியே கொண்டுவந்தவர் தொல்லியல் அதிகாரி எச்.சி.பி. பெல்.

நவம்பர் 10

பக்கத்து வீட்டு அண்ணன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ராவணன் கோட்டைதானே தம்பி?" என்றார். ராமேசுவரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர் அப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை, உட்காரவைத்துச் சொன்னேன்.

காசியப்பன் என்ற அரசன் 477 முதல் 495 வரை அங்கிருந்து ஆண்டான். அப்பன் தாதுசேனன், பாண்டியர்களை வென்று அநுராதபுரத்தைப் பிடித்தவன். உன் செல்வமெல்லாம் எங்கே என்று மகன் கேட்க, தாதுசேனன் காலவாவிக்குப் போய், தான் வெட்டிய அந்தக் குளத்தில் குளித்து, தண்ணீரைக் கையில் அள்ளி, இதுதான் என் செல்வம் என்று காட்டினானாம். இலங்கையின் பழைய வரலாற்று நூல் சூளவம்சம் சொல்லும் கதை. அப்புறம் அவனை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள்.

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. கண்மாய்த் தண்ணீரை நம்பி வெள்ளாமை செய்தவர்.

நவம்பர் 13

இன்றும் மழை. சிகிரியா என்றாலே ஓவியப் பெண்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அடிவாரத்துத் தண்ணீர்த் தோட்டம்தான் பெரிது. சுமார் 200 மீட்டர் உயரப் பாறை. உச்சியிலேயே குளம் வெட்டியிருக்கிறார்கள். கீழே அகழி, பொய்கை, மண்ணுக்கடியில் வாய்க்கால். மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவரும் வேகத்தில், ஓட்டை போட்ட வட்டக் கல்லின் வழியே ஊற்றாகப் பீச்சும். எந்திரம் எதுவும் கிடையாது. வாட்டம் பார்த்து வெட்டிய வேலை. 1,500 வருஷம் கழித்தும் நல்ல மழை பெய்தால் அந்த ஊற்றுகள் பொங்குகின்றன. குளம் வெட்டிய அப்பனைக் கொன்றவன், தண்ணீரைத் திருப்பும் வித்தையை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறான். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

நவம்பர் 14

சாயங்காலம் கடற்கரை. காசியப்பனின் தம்பி முகலன் தப்பி இந்தியாவுக்குக் கடல் கடந்தான். பிறகு படையோடு திரும்பினான். சண்டையில் சேற்று நிலத்தைக் கண்டு காசியப்பனின் யானை திரும்ப, அரசன் ஓடுகிறான் என்று நினைத்துப் படை கலைந்தது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். பாறை மறுபடியும் பிக்குகளிடம் போனது. அவர்கள் முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள்.

நவம்பர் 17

அப்பத்தாவிடம் ஊற்றைப் பற்றிக் கேட்டேன். "பார்த்தேனே. அன்னைக்கும் இதே மாதிரி மழை. கல்லுல அஞ்சாறு ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் தண்ணி குமிழி விட்டுச்சு. உங்கப்பன் உள்ளங்கையை வச்சு ஒண்ணை மூடினான். மத்த ஓட்டையில எகிறிடுச்சு. சட்டையெல்லாம் நனைஞ்சு, வர மாட்டேன்னு அழுதான்."

போட்டோவைத் துடைத்துச் சேலை மடிப்புக்குள் திரும்ப வைத்தேன்.