மிலிட்டரி மாமா சொன்ன சக்திமான்

போன வாரம் தம்பி போன் பண்ணான். அவன் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற லக்னோ பையன் ஒருத்தன் கூட டீ குடிக்கும்போது சக்திமான் பத்திப் பேச்சு வந்துச்சாம். ரெண்டு பேரும் சின்ன வயசுல அதே சீரியலத் தான் பாத்து வளர்ந்திருக்காங்க, ஆனா கதை மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்தே வரலையாம். "அக்கா, சக்திமானுக்கு வரம் குடுத்தது நம்ம ஊரு சிவன் பூவனநாதர் தானே, அவன் இல்லவே இல்லைங்கான்"னு கேட்டான். எனக்கு அப்படியே தொண்டை அடைச்சுருச்சு. அதான் இதை எழுத உக்காந்தேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். சக்திமான் 1997 செப்டம்பர்ல தூர்தர்ஷன்ல ஆரம்பிச்சது, 2005 மார்ச் வரைக்கும் ஓடுச்சு. மகாபாரதத்துல பீஷ்மரா நடிச்ச முகேஷ் கன்னா தான் ஹீரோ, அவர் கம்பெனி பேரே பீஷ்ம் இன்டர்நேஷனல். டைரக்டர் தினகர் ஜானி. செவப்பு டிரெஸ், நெஞ்சுல தங்கக் கலர் சக்கரம், வலது கைய மேல தூக்கி ஒரு விரலை நீட்டி சுத்துனாருன்னா பறந்துருவாரு. மத்த நேரத்துல அவர் கங்காதர், துருத்துன பல்லு, பெரிய கண்ணாடி, ஒரு பத்திரிகைல போட்டோகிராபர். நாங்கல்லாம் பாத்தது ஞாயித்துக்கிழமை மதியம் 12 மணிக்கு. எல்லாம் இந்தி.

எங்க ஊரு கோவில்பட்டி. எங்க தெருவுல ஒரு புள்ளைக்கும் இந்தி தெரியாது. எங்க வீட்ல இருந்தது கருப்பு வெள்ளை டிவி, அதுல சக்திமான் டிரெஸ்ஸும் வில்லன் கில்விஷ் டிரெஸ்ஸும் ஒரே கலரா தெரியும். அதனால எல்லாரும் மிலிட்டரி மாமா வீட்டுக்குப் போயிருவோம். மாமா பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி வந்தவரு, மிலிட்டரி கேன்டீன்ல வாங்குன கலர் டிவி அவரு வீட்ல தான் இருந்துச்சு. பதினோரு மணிக்கே போய் தரையில எடம் புடிக்கணும். அத்தை அடுப்படியில கறிக்கொழம்பு கொதிக்க வச்சிருப்பாங்க, யாராவது ஒருத்தன் மொட்டை மாடில நின்னு ஆன்டெனாவத் திருப்புவான், கீழ இருந்து "வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போயிருச்சு"ன்னு கத்திக்கிட்டே இருப்போம். அந்த டைட்டில் பாட்டு முடிவுல அவர் பேரத் திரும்பத் திரும்பச் சொல்ற எடம் வந்தா மட்டும் மொத்தத் தெருவும் சேந்து பாடும். அந்த ஒரு வார்த்தை தான் எங்களுக்குப் புரிஞ்சது.

மீதி எல்லாத்தையும் மாமா தான் சொல்லணும். சேர்ல உக்காந்து துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒருத்தர் பேசி முடிச்ச உடனே தமிழ்ல சொல்லுவாரு. சும்மா மொழிபெயர்ப்பு மாதிரி இல்ல, குரல மாத்திச் சொல்லுவாரு. கங்காதர்னா மூக்கால பேசுவாரு, சக்திமான விரும்புற நிருபர் கீதா விஸ்வாஸ்னா கொஞ்சம் மெதுவா. கெட்ட விஞ்ஞானி டாக்டர் ஜேக்கால் "பவர்!"னு இழுக்குறதுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டாம், அதை நாங்களே கத்துவோம்.

வில்லன் கில்விஷ் இருக்கானே, சுரேந்திர பால் நடிச்சது, ஒவ்வொரு தடவையும் "அந்தேரா காயம் ரஹே"ன்னு சொல்லுவான். எங்க எல்லாருக்கும் அந்தக் காயம் நம்ம காயம் தான், ரத்தம் வர்ற காயம். அவன் வந்தா எல்லாருக்கும் காயம் ஆகும், அதைத் தான் சொல்லி மெரட்டுறான்னு நெனச்சிருந்தோம். வெளையாடும்போது எவனாவது விழுந்து முட்டில செராய்ச்சுக்கிட்டா, கில்விஷ் வந்துட்டான்னு தான் சொல்லுவோம். அது நிலைச்சு இருக்குறதுன்னு அர்த்தம், இருட்டு நிலைச்சு இருக்கட்டும்னு சொல்றான்னு எனக்குத் தெரிஞ்சது இருபது வருசம் கழிச்சு. மாமாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்ல, ஆனா அவர் எங்களத் திருத்தவே இல்ல.

ஸ்பான்சர் பார்லே-ஜி. பிஸ்கட்டோட வந்த சக்திமான் ஸ்டிக்கர எங்க வீட்டு பீரோ கதவுல ஒட்டி அம்மா கிட்ட அடி வாங்கினது தம்பி. பாதி கிழிஞ்ச ஒண்ணு இன்னும் அந்தக் கதவுல இருக்கு, பெயின்ட் அடிக்கும்போது கூட அப்பா அதை விட்டுட்டு சுத்தி அடிச்சாரு.

நான் கல்யாணத்துக்கு அப்புறம் ஆறு வருசம் புனேல இருந்தேன். காய்கறி வாங்கவும், ஆட்டோக்காரர் கிட்டப் பேசவும் கத்துக்கிட்ட இந்தி தான், ஆனா காது நல்லாப் பழகிருச்சு. அப்புறம் 2020 லாக்டவுன். தூர்தர்ஷன் ராமாயணம், மகாபாரதம் எல்லாம் திரும்பப் போட்டாங்க, ரசிகருங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஏப்ரல்ல சக்திமானும் வந்துச்சு, மதியம் ஒரு மணிக்கு. எம்பொண்ண மடில வச்சுக்கிட்டு பாத்தேன். முதல் தடவையா சக்திமான் என்ன பேசுறாருன்னு எனக்கு நேரடியாப் புரியுது.

பாத்தா, கதையே வேற.

சூரியவம்சி குருமாருங்க, யாகத்தீ, உயிர விட்டுட்டு பஞ்சபூதங்களால திரும்ப உருவாகுறது, குண்டலினி, ஏழு சக்கரம், இதெல்லாம் தான் சக்திமானுக்குச் சக்தி வந்த கதை. டாம் ஆல்டர் மகாகுருவா வர்றாரு, அந்த வெள்ளக்காரச் சாமியார் யாருன்னு சின்ன வயசுல நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். ஆனா மாமா எங்களுக்குச் சொன்னது என்ன தெரியுமா, கங்காதர்னா கங்கையத் தலைல வச்சிருக்கவரு, சிவன் பேரு, அதனால சிவன் தான் வரம் குடுத்தாரு, சிவன்னா நம்ம பூவனநாதர் தான். தீயில எறங்குன சீனுக்கு அவரு "பயப்படாதீங்க, அது சுடாத தீ, பூக்குழி மாதிரி"ன்னு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. சக்திமான் ஒரு தடவ செத்துப் பொழச்சாருங்கற விசயத்த அவர் எங்க கிட்ட சொல்லவே இல்ல.

கடைசில ஒரு அறிவுரை பகுதி வரும், சின்னச் சின்ன ஆனா பெரிய விசயங்கள்னு அர்த்தம் வர்ற மாதிரி இந்தில ஒரு பேரு. தப்பு பண்ண புள்ளை "சாரி சக்திமான்"னு சொல்லும். அந்தப் பகுதிய 2020ல பாக்கும்போது தான் எனக்கு அழுகையே வந்துச்சு. ஏன்னா மாமா அதுல எங்க தெருவ வச்சு தான் பேசியிருக்காரு. சக்திமான் வேற எதையோ சொல்லிக்கிட்டு இருப்பாரு, மாமா "ரயில்வே லைன் பக்கம் பட்டம் விடாதீங்கங்காரு", "அம்மா தீப்பெட்டி ஒட்டும்போது தொந்தரவு பண்ணாதீங்கங்காரு"ன்னு சொல்லுவாரு. எங்க தெருவுல பாதி வீட்ல தீப்பெட்டி ஒட்டுற வேலை தான். டெல்லில இருந்து வர்ற டிவிக்கு எங்கம்மா தீப்பெட்டி ஒட்டுறது எப்படித் தெரியும்னு நாங்க ஆச்சரியப்பட்டோமே தவிர சந்தேகப்பட்டதே இல்ல.

அப்போ சக்திமான் வந்து காப்பாத்துவாருன்னு நம்பி புள்ளைங்க மாடில இருந்து குதிக்குது, தீ வச்சுக்குதுன்னு செய்தி வந்து பெரிய பிரச்சனை ஆச்சு, முகேஷ் கன்னாவே டிவில வந்து இப்படிப் பண்ணாதீங்கன்னு சொன்னாரு. அந்த வாரம் மாமா டிவிய அணைச்சுட்டு எங்கள உக்கார வச்சு, "இங்க பாருங்க, அவரு டெல்லில இருக்காரு, இங்க வந்து சேர ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் மாமா தான்"னு சொன்னாரு. இதை விடத் தெளிவா ஒரு புள்ளைக்கு யாரால சொல்ல முடியும்?

இப்போ சக்திமான் பேரு எங்கயாவது வந்தா பாதிப் பேரு அந்தக் கிராபிக்ஸ வச்சுச் சிரிக்கத் தான் ஷேர் பண்றாங்க. எனக்கு அது பிடிக்கல. 1997ல தூர்தர்ஷன் சீரியல் பட்ஜெட்ல எட்டு வருசம் ஒரு சூப்பர் ஹீரோவ நடத்திக் காட்டுனது லேசுப்பட்ட வேலை இல்ல. 2022 பிப்ரவரில சோனி கம்பெனி சக்திமான மூணு பாகப் படமா எடுக்குறோம்னு அறிவிச்சாங்க, யாரு நடிக்கணும்னு அப்ப இருந்து சண்டை ஓடுது. யாரு வேணா நடிக்கட்டும், ஆனா கங்காதரோட பல்லையும் கண்ணாடியையும் எடுத்துறாதீங்க. கிளாஸ்ல யாரும் கூடச் சேக்காத புள்ளைங்களுக்கு சக்திமான விட அந்தக் கங்காதர் தான் முக்கியம், எனக்கு அப்படித் தான் இருந்துச்சு.

சீரியல் எங்கயும் போயிராது. யூட்யூப்ல இருக்கு, அப்புறமா தமிழ் டப்பிங்கும் வந்துச்சு, காமிக்ஸ், அனிமேஷன் எல்லாம் வந்துச்சு. ஆனா எங்க தெரு பாத்த சக்திமான் எந்த டேப்லயும் இல்ல. தம்பி போன் பண்ணதுல இருந்து தெரிஞ்சவங்க எல்லார் கிட்டயும் உங்களுக்கு யாரு கதை சொன்னாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். சிவகாசி தோழிக்கு பேங்க் மேனேஜர் பொண்ணு சொல்லியிருக்கா, அதுல கீதாவும் கங்காதரும் அண்ணன் தங்கச்சி. மதுரைல ஒருத்தருக்கு யாருமே சொல்லல, அவரும் அவங்க அண்ணனும் படத்த மட்டும் பாத்து கதை கட்டியிருக்காங்க, அதுல டாக்டர் ஜேக்கால் பாவம், நல்லவரு. எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வர்றேன். உங்க தெருக் கதை என்னன்னு நீங்களும் எழுதுங்க, சொன்னவங்க இருக்கும்போதே கேட்டு எழுதுங்க.

நேத்து மாமாவுக்குப் போன் போட்டேன். இப்ப காது கொஞ்சம் மந்தம், அத்தை தான் போன எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாங்க. "மாமா, சக்திமான் கதைய ஏன் மாத்திச் சொன்னீங்க"ன்னு சத்தமாக் கேட்டேன்.

"மாத்தலட்டி, அவன் வேகமாப் பேசுவான், பாதி எனக்கே புரியாது. நான் இருந்தது பூரா அசாம் பக்கம். நீங்க எல்லாம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பீங்க, எதையாவது சொல்லணும்ல?"

அப்புறம் எம்பொண்ணு போன வாங்கி கில்விஷ் மாதிரி பேசுங்க தாத்தான்னு கேட்டா. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன். இல்ல, தொண்டைய செருமிக்கிட்டு இருந்திருக்காரு.