குற்றவியல் சட்டம்: முதல் அட்டவணையிலிருந்து படித்த அனுபவம்

சட்டக் கல்லூரித் தேர்வோ சிவில் நீதிபதி தேர்வோ, குற்றவியல் தாள் என்றதும் பெரும்பாலானவர்கள் குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவை முதல் பிரிவிலிருந்து படிக்க உட்காருகிறார்கள். அதில் 358 பிரிவுகள். அது முடிவதற்குள், வழக்கை எப்படி நடத்துவது என்று சொல்லும் நடைமுறைச் சட்டத்தின் 531 பிரிவுகளுக்கு நேரம் இருக்காது. நான் தொடங்கியது நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பின்பக்கத்தில் இருக்கும் முதல் அட்டவணையில். என்ன தண்டனை, வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யலாமா, ஜாமீன் உரிமையா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்று ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரே வரியில் அங்கே இருக்கும்.

வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்றாலே ஜாமீன் கிடைப்பது கஷ்டம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனிக் கேள்விகள். கவனமில்லாமல் வண்டி ஓட்டி ஒருவர் இறந்தால் நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1): வாரண்ட் தேவையில்லை, ஆனாலும் ஜாமீன் உரிமை. கைகலப்பில் சாதாரணக் காயம் என்றால் 115(2): மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணையே தொடங்க முடியாது.

அப்புறம் ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். நடைமுறைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். 173, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது 58, சாட்சிகளைப் போலீஸ் விசாரிப்பது 180, ரிமாண்ட் 187, குற்றப்பத்திரிகை 193. இந்த வரிசை மனதில் ஓடினால் எண்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் நியாய சன்ஹிதாவின் 100, 101. கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள வித்தியாசம் கேட்காத வினாத்தாளை நான் பார்த்ததில்லை. விர்சா சிங் வழக்கை (1958) நன்றாகப் படியுங்கள். வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து. சாகடிக்கும் எண்ணம் இருந்ததா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினாரா, இயல்பான போக்கில் உயிரைப் பறிக்க அது போதுமானதா என்று உச்ச நீதிமன்றம் பார்த்தது. பழைய சட்டமான இந்திய தண்டனைச் சட்டத்தில் 300-இன் மூன்றாவது வகை அது. அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 101-இன் மூன்றாவது உட்பிரிவு. இங்கே கேள்வியில் வரும் ஆயுதம், குத்திய இடம், வேகம் ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசினால்தான் மதிப்பெண்.

பழைய எண்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். முக்கியத் தீர்ப்புகள் பெரும்பாலும் அந்த எண்களில்தான் இருக்கின்றன. கொலைக்குத் தண்டனை 302 போய் 103, மோசடியில் பிரபலமான 420 இப்போது 318(4). எரிச்சலூட்டுவது நடைமுறைச் சட்டம்தான். பழைய 173 குற்றப்பத்திரிகை, புதிய 173 எஃப்.ஐ.ஆர். பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் (இப்போது 528), புதிய 482 முன்ஜாமீன். யார் யோசித்து இப்படி எண் போட்டார்களோ! இந்த இரண்டு எண்களை மட்டும் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பரீட்சை அறையில் எண் மறந்துபோனால் ஊகித்து எழுத வேண்டாம். குற்றத்தின் கூறுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் கேள்வியின் எந்தத் தகவலால் நிறைவேறுகிறது என்று காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.